சூடு பட்ட ஓடுகளைத் தட்டிப் பார்க்க வேண்டாமா?

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கும், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் இறக்கை விண்கலத்தை உருவாக்கிவரும் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பணகுடிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்தால் மகேந்திரகிரி தெரியும். உங்கள் எஞ்சின் சோதனை நடக்கிற நாளில் காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஜன்னல் கம்பி லேசாக அதிரும். பக்கத்து வீட்டுக்காரர் இடி என்பார். நான் கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நொடி ஓடியது என்று குறித்துக்கொள்வேன். பாலிடெக்னிக் ஒன்றில் 31 வருடம் பட்டறைப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். லேத், வெல்டிங், வார்ப்பு உலை, இவ்வளவுதான் என் உலகம். ராக்கெட் படித்தவன் இல்லை. ஆனாலும் விண்ணுக்குப் போய், விமானம் மாதிரி ஓடுதளத்தில் திரும்பி இறங்க வேண்டிய உங்கள் இறக்கை விண்கலத்தை முதல் நாளிலிருந்து விடாமல் கவனித்து வருகிறேன். ஒரு கேள்வி மட்டும் முள் மாதிரி தைத்துக்கொண்டே இருக்கிறது.

2016 மே 23, காலை 7 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு திட எரிபொருள் பூஸ்டரின் தலையில் உட்கார்ந்து அந்தச் சின்னக் கலம் கிளம்பியது. 6.5 மீட்டர் நீளம், 1.75 டன் எடை. சுமார் 56 கி.மீ. உயரத்தில் பூஸ்டரை விட்டுப் பிரிந்து, 65 கி.மீ. வரை ஏறி, ஒலியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் திரும்பியது. அடிவயிற்றில் சுமார் 600 வெப்பத்தடுப்பு ஓடுகள். கிளம்பிய இடத்திலிருந்து 450 கி.மீ. தள்ளி, வங்கக் கடலில் நீங்கள் குறித்து வைத்திருந்த இடத்துக்குச் சொன்னபடி போய்ச் சேர்ந்தது. மொத்தம் 770 நொடி. அதோடு கடலுக்குள் போனது. மிதப்பதற்கோ மீட்பதற்கோ செய்யப்பட்ட கலம் இல்லை என்று நீங்கள் முன்னாலேயே சொல்லியிருந்தீர்கள். குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே. 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச் 22, 2024 ஜூன் 23 என்று மூன்று தடவை, விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் இன்னொரு கலத்தைக் கீழே தொங்கவிட்டு 4.5 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டுவிட்டு வந்தது. கலம் தானாகவே வழி கண்டுபிடித்து ஓடுதளத்தில் இறங்கியது. மூன்றாவது தடவையின் வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஓடுதளத்துக்கு 4.5 கி.மீ. முன்னால் விடுகிறார்கள், உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது முன்னே போகிற தூரமும் கீழே இறங்குகிற தூரமும் கிட்டத்தட்டச் சமம். பருந்து இறங்குகிற மாதிரி இல்லை, மாங்காய் விழுகிற மாதிரி வருகிறது. கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கி, சக்கரத்தை நீட்டி, மணிக்கு 320 கி.மீ.க்கு மேல் வேகத்தில் தரையைத் தொடுகிறது. பயணிகள் விமானம் இறங்குவது 260-ஐ ஒட்டி. பின்னால் பாராசூட் விரிந்து வேகம் 100-க்கு இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. உள்ளே விமானி கிடையாது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் எழுந்து நின்று கை தட்டினேன். அதைச் சொல்ல வெட்கமில்லை.

இனி என் கேள்வி. சூடு பட்ட கலம் கரை சேரவில்லை. கரை சேர்ந்த கலத்துக்குச் சூடு படவில்லை. 2016-ல் தீயைப் பார்த்தது ஒரு உடம்பு, 2023-லும் 2024-லும் தரையைப் பார்த்தது வேறு உடம்பு. இரண்டையும் பார்த்த உடம்பு ஒன்றுகூட இன்றுவரை உங்கள் கையில் இல்லை. இந்த நிலையில் நீங்கள் சொல்லியிருக்கும் அடுத்த படி, சுமார் 1.6 மடங்கு பெரிய கலம் ஒன்றை ஜிஎஸ்எல்வி ராக்கெட்டை மாற்றியமைத்து அதில் ஏற்றி, பூமியைச் சுற்றும் பாதைக்கே அனுப்பித் திரும்ப வரவழைப்பது. நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

என் அம்மா சந்தையில் பானை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்ததும் விலை கேட்க மாட்டார். பானையை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கை விரல்கணுவால் வாய், வயிறு, அடி என்று மூன்று இடத்தில் தட்டுவார். கணீரென்று வந்தால் விலை பேசுவார். சொத்தென்று கேட்டால் பேச்சே இல்லை, அடுத்த பானை. கண்ணுக்கு ஒரு விரிசலும் தெரியாது. சூளைக்குள் போகும்போது எல்லாம் நல்ல பானைதான். எது நல்ல பானை என்பது தீயிலிருந்து வெளியே வந்து, ஆறி, கைக்கு வந்து, தட்டிய பிறகுதான் தெரியும்.

சென்சார்கள் தரையை நோக்கி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தனவே என்று நீங்கள் சொல்லலாம். வெப்பத்தை அளக்கிற தெர்மோகப்பிளோடு நானும் குடும்பம் நடத்தியவன்தான். ஒரு வருடம் எங்கள் வார்ப்பு உலையில் மீட்டர் சரியான வெப்பத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது, வார்ப்பு மட்டும் சரியாக வரவில்லை. இரண்டு நாள் ஆறவிட்டு, கையில் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பின் சுவரில் தீச்செங்கல் ஒரு வரிசை முழுக்கப் பிளந்து, சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தது. தெர்மோகப்பிள் பொய் சொல்லவில்லை. அது இருந்த இடத்தைப் பற்றித்தான் அது பேசியது. பக்கத்து ஓட்டின் பசை விட்டதா, இரண்டு ஓடுகளுக்கு நடுவே வெப்பம் புகுந்ததா, மூலையில் மயிரிழை ஓடியிருக்கிறதா என்பதெல்லாம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்கர்களின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் பறந்து திரும்பியது. தரையிறங்கியபின் சுற்றி வந்து எண்ணினால் 700-க்கும் மேற்பட்ட ஓடுகள் அடிபட்டிருந்தன. ஒரு ஓடு இருந்த இடத்திலேயே காணோம். அந்த இடத்துக்கு அடியில், ஆண்டெனா ஒன்றைப் பொருத்துவதற்காகத் தடித்த உலோகத் தகடு இருந்தது. அது இல்லாத வேறு இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பத்திரமாகத் திரும்பி வந்ததால்தான் எண்ணவாவது முடிந்தது. 2003-ல் கொலம்பியா ஓடம் கிளம்பிச் சுமார் 82 நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அங்கே விழுந்த துளை வழியாக வெப்பம் உள்ளே புகுந்தது. கல்பனா சாவ்லாவும் உடன் இருந்த ஆறு பேரும் போனார்கள். இறக்கை வைத்த கலத்துக்கு உயிர்நிலை அந்த முன்விளிம்புதான். மழுங்கிய மூக்கு உள்ள கூண்டுக் கலத்துக்கு (கேப்ஸ்யூல்) இந்தத் தொல்லை கிடையாது. மெல்லிய விளிம்பில் சூடு குவியும், இறக்கைக்கோ அந்த விளிம்பு இல்லாமல் முடியாது.

நீங்கள் இதுவரை ஓடுகளையே தட்டிப் பார்த்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 2007 ஜனவரியில் எஸ்ஆர்இ-1 கூண்டை 12 நாள் பூமியைச் சுற்றவிட்டு, சிலிக்கா ஓடுகளோடு வங்கக் கடலில் இறக்கி, மிதக்கவைத்து எடுத்து வந்தீர்கள். 2014 டிசம்பரில் இன்னொரு கூண்டை அந்தமான் பக்கம் கடலோரக் காவல்படை மீட்டுக் கொடுத்தது. சுற்றுப்பாதையிலிருந்து ஒரு பொருளைச் சூட்டோடு கொண்டுவந்து மேஜையில் வைக்கிற கலை உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். இறக்கை வைத்த உடம்புக்கும் அதே காரியத்தை ஏன் ஒருமுறை செய்யக் கூடாது?

2016-ஐவிட வேகமாக, சுற்றுப்பாதை வரை போகாமல், ஒரு கலத்தை மேலே அனுப்புங்கள். நல்ல சூடு படட்டும். கடைசியில் பாராசூட்டில் கடலில் இறங்கி மிதக்கட்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே அந்தமான் வரைக்கும் தண்ணீர்தான், ஓடுதளத்துக்கு எங்கே போவது என்பது எனக்கும் புரிகிறது. ஓடுதளமே வேண்டாம். இறங்கத் தெரியுமா என்பதைச் சள்ளகெரேயில் தனியாகப் பார்த்துவிட்டீர்கள். இப்போது தேவைப்படுவது சுட்ட பானை. ஐரோப்பியர்கள் 2015 பிப்ரவரி 11 அன்று இதைத்தான் செய்தார்கள். ஐஎக்ஸ்வி என்ற இறக்கையில்லாத கலத்தைச் சுமார் 412 கி.மீ. உயரத்துக்கு எறிந்து, நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் உள்ளே வரவிட்டு, பசிபிக் கடலில் கப்பலை நிறுத்திப் பொறுக்கி எடுத்தார்கள். ஜப்பான்காரர்கள் 1996 பிப்ரவரியில் ஹைஃப்ளெக்ஸ் என்ற கலத்தை அனுப்பினார்கள். அது நன்றாகப் பறந்து, தரவுகளைக் கொடுத்து, கடலிலும் இறங்கிவிட்டது. மிதவையோடு கட்டியிருந்த கயிறு அறுந்து, கலம் மூழ்கிப்போனது. அந்தக் கயிற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, என் கலமாக இல்லாவிட்டாலும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஒலியைப் போல ஐந்து மடங்கிலிருந்து இருபத்தைந்து மடங்குக்குத் தாவப்போகிறீர்கள். வேகம் ஐந்து மடங்கு கூடினால் உடம்பில் ஏறியிருக்கும் ஆற்றல் இருபத்தைந்து மடங்கு. அத்தனையையும் வரும் வழியில் சூடாகக் கொட்டித் தீர்க்க வேண்டும். ஐந்து மடங்கில் தேறிய ஓடு இருபத்தைந்தில் தேறும் என்று கணினிக் கணக்கும் காற்றுச் சுரங்கமும் பிளாஸ்மா உலையும் சொல்லலாம். ஆனால் அந்த ஐந்து மடங்கு ஓட்டையே யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லையே! கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பொருள் கடலுக்கடியில் கிடக்கிறது.

தரையிறக்கத்தைப் பற்றியும் ஒன்று. மாணவர்களை வைத்து மூன்றாம் மாடி மொட்டை மாடியிலிருந்து தெர்மகோல் கிளைடர் விடச் சொல்வது என் வழக்கம். மூக்கில் களிமண் உருண்டை. அது கனத்தால் தலைகுப்புற விழும், லேசானால் தூக்கிக்கொண்டு நிற்கும். நேராக விட்டால் எல்லாருடையதும் மைதானத்தில் இறங்கும், எல்லாரும் ஓ என்று கத்துவார்கள். அடுத்த சுற்றில் நான் போய்ப் படிக்கட்டு ஓரமாக நின்று, "இங்கிருந்து விடு, அதே இடத்தில் இறங்கணும்" என்பேன். பாதி கிளைடர் வேப்பமரத்தில் தொங்கும். நீங்களும் அதே ஒழுங்கில்தான் போனீர்கள். முதல் தடவை நேர்கோட்டில், இரண்டாவது 150 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி, மூன்றாவது 500 மீட்டர் தள்ளி, அதுவும் பலத்த காற்றில். நல்ல வாத்தியார் செய்கிற வேலை. ஆனால் மூன்றோடு நிறுத்திவிட்டீர்கள், மூன்றும் பகலில்.

1977-ல் அமெரிக்கர்கள் எண்டர்பிரைஸ் ஓடத்தை 747 விமானத்தின் முதுகிலிருந்து ஐந்து தடவை விட்டுப் பார்த்தார்கள். முதல் மூன்று தடவை வாலில் காற்றைச் சமாளிக்க ஒரு கூம்பு மூடி இருந்தது. கடைசி இரண்டுக்கு அதைக் கழற்றிவிட்டார்கள். ஐந்தாவது தடவை, அக்டோபர் 26 அன்று, முதல் முறையாகக் கான்கிரீட் ஓடுதளத்தில் இறங்கப் போனபோது மூக்கு மேலும் கீழும் ஆடி, தரையைத் தொட்டுத் துள்ளியது. விமானி அசைப்பதற்கும் கலம் கேட்பதற்கும் நடுவே இருந்த சின்னத் தாமதம்தான் காரணம். 1981-ல் ஓடத்தின் முதல் விண்வெளிப் பயணத்துக்கு முன் சரிசெய்தார்கள். உங்கள் கலத்தில் விமானி இல்லை, அதே குறை வராது. ஆனால் நான்கு தடவை ஒளிந்துகொண்டிருந்த ஒன்று ஐந்தாவது தடவை வெளியே வந்தது பாருங்கள். ஹைஃப்ளெக்ஸ் போன அதே 1996-ல் ஆஸ்திரேலியாவின் வூமேராவில் ஜப்பானியர்கள் ஆல்ஃப்ளெக்ஸ் என்ற குட்டிக் கலத்தை ஹெலிகாப்டரிலிருந்து பதின்மூன்று தடவை விட்டுத் தானாக இறங்க வைத்தார்கள். (இடையில் ஒரு சின்ன முனகல்: 2023-ல் உங்கள் அறிக்கையில் "உலகில் முதல் முறை" என்று இருந்தது. 4.5 கி.மீ. உயரம் என்ற கணக்கில் சரியாக இருக்கலாம். வூமேராவில் பதின்மூன்று தடவை விட்டவர்கள் அதைப் படித்தால் சிரித்திருப்பார்கள்.)

இரண்டாவது தரையிறக்கத்தின்போது வெளியிட்ட அறிக்கையில், முதல் முறை கண்டறிந்தவற்றை வைத்து உடலையும் சக்கர அமைப்பையும் இன்னும் பலப்படுத்தினோம் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை இரவு விழிப்பு, எத்தனை வரைபடம், யார் யாரோடு சண்டை! எது வளைந்தது? எங்கே கீறல் விழுந்தது? அதை ஏன் விரித்துச் சொல்லவில்லை? கலம் இறங்கியதைக் காட்டினால் மாணவன் கை தட்டுவான். கலத்தில் என்ன வளைந்தது என்று காட்டினால் மறுநாள் பட்டறைக்குச் சீக்கிரம் வருவான். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இது.

இறக்கையே எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கட்டடங்களுக்குள்ளேயும் இருப்பார்கள். 2015-லிருந்து ஃபால்கன் 9 நின்ற நிலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த உங்கள் அடுத்த தலைமுறை ராக்கெட்டின் முதல் அடுக்கும் திரும்ப வந்து இறங்கும்படிதான் திட்டம். பூஸ்டருக்கு அது போதும், அங்கே இறக்கை வீண் சுமை. சுற்றுப்பாதையிலிருந்து நாசூக்காகக் கொண்டுவர வேண்டிய பொருள் வேறு கதை. கூண்டு திரும்பும்போது உள்ளே இருக்கிற படிகமோ உயிரணுவோ தன் எடையைப் போல நான்கைந்து மடங்கு நசுங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஓடம் அதை ஒன்றரை மடங்கை ஒட்டி வைத்திருந்தது. எக்ஸ்-37பி என்ற ஆளில்லா குட்டி ஓடம் ஒரே பயணத்தில் 908 நாள் மேலே இருந்துவிட்டு 2022 நவம்பரில் ஓடுதளத்தில் இறங்கியது. சீனாவும் 2020-லிருந்து தன்னுடையதை அனுப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது, சத்தமே இல்லாமல். அதனால் இறக்கையைக் கைவிட்டுவிடாதீர்கள். ஜப்பான் இவ்வளவு சோதனையும் செய்துவிட்டு, எல்லாம் சேர்ந்து வரவேண்டிய ஹோப் என்ற இறக்கை விண்கலத் திட்டத்தைக் கடைசியில் மூட்டை கட்டியது. பாதி தூரம் வந்து நிற்பவர்களுக்கு அதுதான் ஆபத்து. அவசரப்பட்டுத் தாவி ஒரு கலத்தை எரித்துவிட்டால், நிதியைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

இந்தக் கலத்துக்கு நீங்கள் வைத்த புஷ்பக் என்ற பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். கதையில் வருகிற புஷ்பக விமானத்துக்கு ஓடு ஒட்ட வேண்டியிருக்கவில்லை, பிரேக் பாராசூட்டும் வேண்டியிருக்கவில்லை. நினைத்த இடத்தில் இறங்கும். அதனால்தானோ என்னவோ, அந்தப் பெயரைக் கேட்டாலே பார்க்கிறவர்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் டீக்கடையில் ஒருவர், "அதுதான் மேலே போயிட்டு இறங்கிடுச்சே, இன்னும் என்ன சோதனை?" என்று என்னிடமே கேட்டார். மேலே போனது வேறு, இறங்கியது வேறு என்று விளக்க எனக்கு இரண்டு டீ ஆனது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுப்பாதைக்கு முன்னால் கடலில் மிதக்கிற ஒரு சூட்டுச் சோதனை. சள்ளகெரேயில் இன்னும் சில தடவை, இருட்டில், ஈரத் தளத்தில், இன்னும் மோசமான கோணத்தில். ஒவ்வொன்றுக்கும் பிறகு எது சரியாக வரவில்லை என்று இரண்டு பக்கம், தமிழிலோ இங்கிலீஷிலோ. இதற்கு இரண்டு வருடம் கூடுதலாக ஆகலாம். 2016-க்கும் 2023-க்கும் நடுவே ஏழு வருடம் பொறுத்திருந்தோம், இதையும் பொறுப்போம்.

கலம் சூடுபட்டுக் கரைக்கு வந்து, ஆராய்ச்சியெல்லாம் முடித்து, வேண்டாத ஓடு ஒன்று மிஞ்சினால் எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றுக்கு இரவல் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். பையன்கள் விரல்கணுவால் தட்டிப் பார்க்கட்டும், விட்டால் நானும் போய் வாய், வயிறு, அடி என்று மூன்று இடத்தில் தட்டிப் பார்ப்பேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பட்டறைப் பயிற்றுநர் ஒருவர்
பணகுடி அருகிலிருந்து